மஞ்சள் உட்கரு

சார், நீங்கள் எங்களுக்குப் பொய்யைத்தான் பாடமாக நடத்தினீர்கள். கச்சிராயபாளையத்தில் நான் பிளஸ் டூ படித்தபோது, ஆயுத பூசைக்கு மட்டும் பீரோவை விட்டு வெளியே வரும் மைக்ராஸ்கோப்பை, செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் திருப்புதலுக்காகப் பெரிய மனது பண்ணி எடுத்து வைத்தீர்கள். வெங்காயத் தோலைப் பார்த்தேன். மஞ்சளாக ஒரு திட்டு தெரிந்தது.

"இன்னா சார் இது?"

"உட்கரு கூடத் தெரியல, எருமை! வரைஞ்சு பாகத்தைக் குறி."

குறித்தேன். தேர்விலும் அதையே மஞ்சளாக வரைந்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் லென்சைத் துடைத்தார். பூசைக்கு நீங்கள் வைத்த சந்தனப் பொட்டு அவர் கைக்குட்டையில் ஒட்டிக்கொண்டது. என் உட்கருவும் போனது, மதிப்பெண்ணும் போனது.

இப்போது என் மகளும் உங்களிடம்தான் படிக்கிறாள். அவள் ரெக்கார்டு நோட்டிலும் உட்கரு மஞ்சள். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள் சார்: இத்தனை வருடமாக எங்களுக்கு நீங்கள் காட்டியது இன்னா?