சுகந்திக்கு நான் சொன்ன எட்டு வருஷம்

சுகந்தியின் கணவர் செந்தில் போனில் அழைத்தபோது, ஒரு பெரியவர் விழித்திரைப் படத்துக்காகக் கருவியில் முகவாயை வைத்துக் காத்திருந்தார். "காத்தால நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க" என்றார் செந்தில். பெரியவரை அப்படியே விட்டு எழ முடியவில்லை. இரண்டு கண்களையும் படமெடுத்து முடித்தேன்.

கோவையில் எங்கள் கண் மருத்துவமனையின் படப்பிரிவில் சுகந்தியும் நானும் பதினான்கு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவரை நினைக்க இங்கே கூடியிருக்கும், உடன் வேலை பார்த்த உங்களுக்கும் தெரியாத ஒன்று உண்டு. அவருக்கே விழித்திரை நோய் இருந்தது. ஓரத்திலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வரும் பரம்பரை நோய். அவர் அப்பாவுக்கும் அதுதான். வருடத்துக்கு ஒருமுறை, எல்லோரும் சாப்பிடப் போனபின் அவரைப் படமெடுப்பேன். "வெளிய தெரிஞ்சா வேற எடத்துக்கு மாத்திப்போடுவாங்க. உங்களோட இருக்கட்டுங்க" என்பார்.

இரண்டு வருடத்துக்கு முன், பழைய படங்களை ஒப்பிட்டு நோயின் போக்கைக் கணிக்கும் மென்பொருள் ஒன்று சோதனைக்கு வந்தது. கணிப்பை நோயாளிகளிடம் சொல்லக் கூடாது என்பது மருத்துவரின் கண்டிப்பான உத்தரவு. சுகந்தி தன் படங்களை ஏற்றச் சொன்னார். திரையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வருடத்தில் நடுப்பார்வையும் பெரும்பாலும் போய்விடும் என்றது கணிப்பு.

"ஏனுங்க, எத்தனை வருசம்?"

"எட்டு வருஷமாவது இருக்குதுங்க" என்றேன்.

"அப்பப் பொண்ணு காலேஜே முடிச்சுப்போடுவா" என்று எழுந்து போனார்.

அந்தப் பொய்யிலிருந்து வெளியே வர எனக்கு வழி தெரியவில்லை. படிக்கட்டில் அவர் தடுமாறும்போதெல்லாம் சொல்லிவிடத் தோன்றும்; வாய் வராது. அடுத்த ஆண்டுப் படத்தில், சேதம் கணிப்பு சொன்ன இடத்துக்கே வந்திருந்தது. "அப்படியேதானுங்க இருக்குது" என்றேன். "நீங்க சொன்னாச் சரிங்க" என்று சிரித்தார்.

காரியத்துக்குச் சூலூரில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது செந்திலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எட்டு இல்லைங்க, மூணுதான் வந்துச்சு. நான் மறைச்சுப்போட்டேன்."

"அவளுக்குத் தெரியுமுங்க" என்றார். "அடுத்த நாளே போய் அந்தக் கணிப்பைப் பாத்துப்போட்டா. ஊரார் படமெல்லாம் பாத்தவளுக்குத் தன் படம் தெரியாதுங்களா? ஞாயித்துக்கிழமையானா கண்ணைத் துணியால கட்டிக்கிட்டு சமைச்சுப் பழகுவா. உங்ககிட்டச் சொல்லலாமில்லன்னு கேட்டேன். 'எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவங்களால எம் பக்கத்துல உக்கார முடியாது, பாவம்'னுட்டா."

ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்து, இரண்டு வருடம் ஒரே அறைக்குள் தனித்தனியாக அடைபட்டுக் கிடந்திருக்கிறோம். கண்ணைக் கட்டி அவர் காய் நறுக்கியபோது நான் அருகில் இருந்திருக்கலாம். பயமாக இருக்கிறது என்று அவர் ஒரு தடவையாவது என்னிடம் சொல்லியிருக்கலாம். அந்த வழியை நான்தான் அடைத்தேன்.

அவரைப் பற்றி உங்கள் ஒவ்வொருவரிடமும் ஏதாவது ஒரு நல்ல நினைவு இருக்கும். என்னிடம் இருப்பது, நான் கேட்காமலேயே அவர் கொடுத்துவிட்டுப் போன மன்னிப்பு. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.