ஐம்பது நிமிடப் பயணம்

கோட்டையூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சந்திரலேகா விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிறாள். பக்கத்து ஜெராக்ஸ் கடை என்னுடையது. சிங்கப்பூர், துபாய் என்று பாதி ஊர் அவள் போட்ட டிக்கெட்டில்தான் பறக்கிறது. அவள் ஒரு தடவைகூட விமானம் ஏறியதில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டுக் கடை திறப்பாள். மதியம் வீட்டுக்கு ஓடுவாள், திரும்ப வருவாள். ரெண்டு வருஷமாக இதே ஓட்டம். பெற்ற பிள்ளை முத்தரசு, அதாவது இவள் புருஷன், கனடாவின் வடகோடியில் ஒரு சுரங்கத்தில் சமையல்காரன். அந்த ஆள் மேல் எனக்கு ரொம்ப நாளாகவே கடுப்புதான்.

அந்தச் சுரங்கத்துக்கு ரோடு கிடையாது. விமானம் இறங்க ஒரு மண் பாதை இருக்கிறது, அவ்வளவுதான். அங்கே குட்டி விமானம் ஏறி, இன்னொரு சின்ன விமான நிலையத்தில் இறங்கினால்தான் பெரிய விமானம் பிடிக்கலாம். நடுவில் இருநூற்றைம்பது கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். நாம் திருச்சிக்குப் போய்ச் சேர அதைவிட நேரமாகும். ஆனால் அந்தக் குட்டி விமானம் வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வரும். பனி கொட்டினால் அதுவும் வராது. போன லீவுக்குக் கிளம்பியவன் அங்கேயே ஐந்து நாள் பெட்டியும் கையுமாக உட்கார்ந்திருந்துவிட்டு, ஊருக்கு வராமலே வேலைக்குத் திரும்பிவிட்டான்.

ஒரு வியாழக்கிழமை விடிகாலையில் மாமியார் போய்விட்டார். ஃப்ரீசர் பெட்டி வந்தது. முத்தரசு போனில் அழுதான்.

"இன்னைக்கு பிளேன் இல்ல லேகா. பனி விட்டா நாளைக்கு வரும்கிறாங்க. அம்மா மொகத்தப் பாக்கணும். வச்சிருக்கச் சொல்லு."

அவனுடைய சித்தப்பா தங்கச்சாமி கையில் செல்போனோடு வந்தார். "ஏத்தா, பிளேன் அம்பது நிமிசம்னு இதுல போட்டிருக்கே, வந்துருவான்ல? இந்த வெவரமெல்லாம் ஒனக்குத்தான் தெரியும். வச்சிருக்கவா, எடுக்கவா?"

சந்திரலேகா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "வர முடியாது மாமா. எடுத்துருங்க."

டிக்கெட் போடுகிறவளே சொன்ன பிறகு யார் மறுத்துப் பேசுவார்கள்? சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். தங்கச்சாமி கொள்ளி வைத்தார்.

மறுநாள் அங்கே பனி விட்டது, விமானமும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் முத்தரசு வீட்டுக்கு வந்து சேர்ந்தான். துக்க வீட்டுக்குச் சோறு கொண்டுபோன நான் அப்போது அங்கேதான் இருந்தேன். பெட்டி வைத்திருந்த இடத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான்.

"பிளேன் மறுநாளே வந்துருச்சே லேகா. வச்சிருக்கலாம்ல?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் நானே அவனை நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

"வச்சிருக்கலாம்" என்றாள் சந்திரலேகா. "வந்தாலும் வருவீகன்னு எனக்குத் தெரியும். என்னால முடியலைங்க. நீங்க வருவீக வருவீகன்னு அத்தை ரெண்டு வருசமா வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாக. செத்த பெறகும் அவுகளக் காக்க வைக்க எனக்கு மனசு வரல."