மாலூர் வரை மனப்பாடம்

வீட்டில் இரண்டு பேர் ஒருவரான வருஷம் அது. மனைவி இறந்த பிறகு எனக்கு அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை. காலையில் காபி போடப் போனால் கை தானாக இரண்டு டம்ளர் எடுக்கும். ஒன்றைத் திரும்ப வைப்பேன். பல வருஷமாக அறிவியல் டியூஷன் எடுப்பவனுக்கு, ஒரு விஷயம் எப்படி நினைவில் தங்குகிறது என்று சொந்தக் கையே பாடம் நடத்தியது. என் மாணவர்களைப் போலவே நானும் கவனிக்கவில்லை.

அப்போதுதான் பெங்களூர் மர்பி டவுனில் என் வீட்டுக்கு அந்தப் பெண் வந்தாள். கோலார் தங்கவயல்காரி. காலை ரயிலில் வந்து, வேலை பார்க்கும் துணிக்கடை திறக்கும்வரை என்னிடம் படிப்பாள். பத்தாவதில் அறிவியல் மட்டும் போயிருந்தது. தேறினால் பி.யூ.சி. இரண்டு வருஷம் முடித்து நர்சிங் போகலாம். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் சேலை மடிக்க வேண்டியதுதான் என்று அவளே சொன்னாள்.

முதல் நாள் கேள்வி கேட்டேன். முழித்தாள்.

“டிரெய்ன்ல கடகடன்னு வந்துச்சு சார். இங்க வந்தா காலி.”

விசாரித்ததில் விஷயம் புரிந்தது. தினமும் அதே பெட்டி, அதே மூலை. பங்காருபேட்டை வரை ஜீரணம், மாலூர் வரை ரத்த ஓட்டம், ஒயிட்ஃபீல்டு வந்தால் அமிலம். ஸ்டேஷன் போர்டைப் பார்த்தால்தான் பாடம் வாயில் வரும்.

“பரீட்சையை மாலூர் பிளாட்பாரத்துல வைக்கச் சொல்லட்டுமா?”

“கிண்டல் பண்ணாதீங்க சார். போன தடவை ஹால்ல ஜன்னல்கூட இல்ல.”

கொஞ்சம் மறந்த பிறகு, புத்தகத்தை மூடிக்கொண்டு, வேறு வேறு இடத்தில் நினைவிலிருந்து தேடி எடுத்தால்தான் படித்தது தங்கும் என்று எதிலோ படித்திருக்கிறேன். எதில் என்பது மறந்துவிட்டது. அன்றிலிருந்து அவளை நாற்காலியில் உட்காரவிடவில்லை. மாடிப்படியில் அமிலம் கேட்டேன். பால் பூத் வரிசையில் இதயத்தின் அறைகள். போன வாரம் முடித்த பாடத்தை இந்த வாரம், இந்த வாரத்துடையதை அடுத்த மாதம். ரயிலில் புத்தகம் கூடாது, தூங்கு என்றேன்.

“முடிஞ்ச போர்ஷனையே திருப்பித் திருப்பிக் கேக்கறீங்களே சார், உங்களுக்கு போர் அடிக்கலையா?”

“எனக்கு எதுவுமே அடிக்கலம்மா. நீ சொல்லு.”

அது உண்மை. சரியாகச் சொன்னாலும் தப்பாகச் சொன்னாலும் எனக்குள் எதுவும் அசையவில்லை. அதிலும் ஒரு சௌகரியம், கோபம் வரவில்லை. அவள் பயப்படாமல் தப்பு செய்தாள். தப்பு செய்ததைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ரிசல்ட் அன்று போனை நீட்டியபடி வாசலில் நின்றாள். பாஸ்.

“ஹால்ல டிரெய்ன் ஞாபகமே வரல சார்!”

“சந்தோஷம்மா” என்றேன். சந்தோஷம் உள்ளே எங்கேயாவது இருக்கிறதா என்று பார்த்தேன். அகப்படவில்லை. வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது:

“பித்தநீர் எங்க சுரக்குது?”

ஒரு கால் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: “கல்லீரல்ல. பித்தப்பைல சேத்து வைக்கும். பாஸாயிட்டேன், விடுங்க சார்!”

காபி போட உள்ளே போனேன். கை இரண்டு டம்ளர் எடுத்தது. அன்றைக்கு ஒன்றைத் திரும்ப வைக்க வேண்டியிருக்கவில்லை.