வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம்

அம்மா இருக்கும் முதியோர் இல்லத்திலிருந்து மாதாமாதம் வரும் பில்லில் அந்த முறை ஒரு வரி கூடுதலாக இருந்தது. ‘கூடுதல் தனிப்பட்ட பராமரிப்பு, ஒரு மணி நேரம்’ என்று போட்டு, நான்கு வெள்ளிக்கிழமைகளுக்கும் தனித்தனியாகக் கட்டணம் பிடித்திருந்தார்கள். நான் அதை எதிர்த்துப் புகார் எழுதினேன். காசுக்காக எழுதுகிறேன் என்றுதான் கணவரிடம் சொன்னேன். உண்மையில் எனக்கு வயிற்றெரிச்சல்.

அதற்குக் காரணம் அங்கே வேலை பார்த்த ஒரு கேர்கிவர். நகரின் தெற்கே பாபடோயிட்டோயில் வீடு, பிஜித் தீவுக்காரி. அவளுடைய முன்னோர்கள் நம் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களாம். தமிழில் அம்மா, தண்ணி, சாப்பாடு என்று பத்துச் சொல் தெரியும், அவ்வளவுதான். அம்மாவுக்கு ஆங்கிலமும் வராது, அவள் பேசும் இந்தியும் வராது. அந்தப் பத்துச் சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அப்படிச் சிரிப்பார்கள். நான் அறைக்குள் நுழைந்ததும் சிரிப்பு நின்றுவிடும். அம்மா என்னைப் பார்த்து, “வா, சாப்டியா?” என்பாள். பிறகு நான் மருந்து டப்பாவைத் திறந்து எண்ணுவேன், குளிர்சாதனப் பெட்டியில் பழைய தயிர் இருக்கிறதா என்று பார்ப்பேன், நகம் வெட்டுவேன். கிளம்பும் நேரம் வந்துவிடும்.

போதாக்குறைக்குப் பின்னல். ஞாயிற்றுக்கிழமை நான் போகும்போதெல்லாம் அம்மாவின் தலை பளபளவென்று வகிடு எடுத்து, நுனிவரை ஒரே சீராகப் பின்னியிருக்கும். இல்லத்துக்குப் போவதற்கு முன் எங்கள் கிளென் ஈடன் வீட்டில் அம்மா மூன்று வருஷம் இருந்தாளே, ஒரு நாளாவது நான் அப்படிப் பின்னிவிட்டிருப்பேனா என்றால் இல்லை. காலை அவசரத்தில் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டுவிட்டு ஓடுவேன். இருந்தாலும் யாரோ ஒருத்தி என் அம்மாவின் தலையில் கை வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். பிழையைக் கண்டுபிடித்து, எது நடந்திருக்க வேண்டும், எது நடந்தது என்று எழுதுவதுதான் என் பிழைப்பு. புகாரையும் அப்படியே எழுதினேன். அம்மா சார்பில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான், இந்தச் சேவைக்கு நான் சம்மதம் கொடுக்கவில்லை, குளிப்பாட்டுவது மாதக் கட்டணத்திலேயே அடங்கும், பிறகு இது எதற்கு? எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே திருப்தியாக இருந்தது. அந்தக் கேர்கிவரைப் பற்றி ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதியிருந்தேன்.

இரண்டு வாரத்தில் கூட்டம் வைத்தார்கள். அம்மாவின் அறையிலேயே நாங்கள் நான்கு பேர். இல்லத்தின் மேலாளர் நல்ல மனுஷி, வெள்ளைக்காரி. பதிவேட்டில் ‘கூடுதல் நேரம் குளியல், தலைமுடி, அவர் கேட்டுக்கொண்டபடி’ என்று எழுதியிருக்கிறது, ஆனால் சம்மதப் படிவம் வாங்காமல் விட்டுவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார். அம்மா கேட்டாரா என்பதை அவரிடமே கேட்டுவிடலாம், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்றார். எதற்கு, நான் இருக்கிறேனே என்றேன்.

அம்மாவின் பக்கம் திரும்பினேன். “வெள்ளிக்கிழமையில தனியா பாத்துக்கச் சொல்லி நீ கேட்டியாம்மா? அதுக்குக் காசு புடிக்கிறாங்க.”

அம்மா என்னைப் பார்த்தாள். சுவரோரம் நின்றிருந்த கேர்கிவரைப் பார்த்தாள். பிறகு மடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “நான் எதுக்குக் கேக்கப்போறேன்? எனக்கு ஒண்ணும் வேணாம்.”

நம் வீடுகளில் ‘வேண்டாம்’ என்பதை எத்தனை தடவை கேட்ட பிறகு நம்ப வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். இன்னொரு இட்லி வைப்பதற்கே மூன்று தடவை கேட்போம். நான் ஒரே ஒரு தடவை கேட்டேன். அதையும் எந்தக் குரலில் கேட்டேன் என்பது எனக்குத் தெரியும். அம்மா சொன்னதைச் சொல் பிசகாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். மேலாளர் எழுதிக்கொண்டார்.

புகார் நியாயமானது என்று கடிதம் வந்தது. மன்னிப்புக் கேட்டு, நான்கு வாரக் கட்டணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். இனி அந்தச் சேவை இருக்காது என்றும் எழுதியிருந்தது. கணவரிடம் காட்டினேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனால் அம்மாவின் தலை வைக்கோல் மாதிரி இருந்தது. யாரோ ரப்பர் பேண்ட் போட்டுவிட்டிருந்தார்கள். நான் போடுவேனே, அதே மாதிரி. சிக்கெடுக்கலாம் என்று சீப்புக்காக அலமாரி இழுப்பறையைத் திறந்தேன். துண்டில் சுற்றி ஒரு நல்லெண்ணெய் பாட்டில், பாதி காலி. பக்கத்தில் சீயக்காய்த் தூள் பொட்டலம். இரண்டிலும் பாபடோயிட்டோய்க் கடை ஒன்றின் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. இல்லம் அனுப்பிய எந்தப் பில்லிலும் எண்ணெய் இல்லை, சீயக்காயும் இல்லை. அந்தக் கேர்கிவர்தான் தன் கைக்காசில் வாங்கியிருக்கிறாள்.

அப்போதுதான் எனக்கு வெள்ளிக்கிழமை உறைத்தது. கல்யாணமாகி வரும்வரை வெள்ளிக்கிழமை தவறாமல் எனக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியவள் அம்மா. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் குளியலறையில் ஒரு தடவை கால் வழுக்கி, விழாமல் தப்பினாள். அன்றோடு எண்ணெய்க்குத் தடை போட்டேன். தலையணை உறையெல்லாம் கறை என்றும் சேர்த்துச் சொன்னேன். சரி என்றாள். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

“இரு, நான் தேய்ச்சு விடறேன்” என்று பாட்டிலைத் திறந்தேன். அம்மா தலையைக் கொடுத்தாள். ஆனால் கழுத்து விறைப்பாகவே இருந்தது, ஊசி போட்டுக்கொள்ள உட்கார்ந்தவளைப் போல. இரண்டு நிமிஷத்தில், “போதும்டி, உனக்கு வேலை இருக்கும்” என்றாள்.

எண்ணெய்க் கையோடு எதிரே போய் உட்கார்ந்து, அவளிடம் மட்டும் எப்படிக் கேட்டாய் என்று கேட்டுவிட்டேன்.

அம்மா கோபமில்லாமல்தான் சொன்னாள். “உங்கிட்ட கேட்டா நீ மணியப் பாப்ப. அவளுக்குக் காசு குடுக்கறோம்ல, இன்னும் கொஞ்சம் தேய்னு கூசாம கேக்கலாம்.”

மறுநாளே மேலாளருக்குப் போன் செய்து, அந்தக் கட்டணத்தைத் திரும்பப் போடுங்கள் என்றேன். அவர், இந்த முறை உங்கள் அம்மாவிடமே கேட்க வேண்டும், குடும்பத்தார் மொழிபெயர்க்க வேண்டாம் என்றார். அடி விழ வேண்டிய இடத்தில்தான் விழுந்தது.

புதன்கிழமை, தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்தார்கள். என்னை வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண் குரல் ஒன்று, “ஓம் அம்மா, சொல்லுங்கோ” என்றது. அம்மா சொல்ல ஆரம்பித்தாள். எண்ணெயை எவ்வளவு காய்ச்ச வேண்டும் என்பதிலிருந்து தொடங்கி, பிறகு குரல் தணிந்து, என் காதில் விழாத ஏதேதோ சொல்லி, நடுவே சிரித்தாள். இருபது நிமிஷம். ஒரு ஆமா, இல்லைக்கு இருபது நிமிஷம். முகம் தெரியாத அந்தக் குரலின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

மேலாளர் படிவத்தோடு வெளியே வந்தார். அம்மா தமிழில் பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள். அதன் கீழே, கட்டணம் செலுத்துபவர் என்ற இடத்தில் நான் போட்டேன். வெள்ளிக்கிழமை முதல் அந்தக் கேர்கிவரே வருவாள் என்றார்.

உள்ளே போய், அவ்வளவு நேரம் அந்தப் பெண்ணிடம் என்னம்மா பேசினாய் என்று கேட்டேன்.

“அவங்க கேட்டாங்க, சொன்னேன்” என்றாள் அம்மா.