தாய்மார்களுக்கு ஒன்பது ஆம்பியர்

"பெரியோர்களே" என்று சொல்லி மூச்சை நிறுத்திக்கொண்டு சேக் பரீது, மின்சார ஓட்டத்தைக் காட்டும் அம்மீட்டர் முள்ளைப் பார்ப்பார். சாலையைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

பேகம்பூரில் குடியிருக்கும் அவருக்குத் தொழில், ஊர் ஊராகச் சினிமா விளம்பரம் சொல்வது. ஆறு வோல்ட் பழைய கார், கூரைமேல் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய், பின்சீட்டில் ஆம்ப்ளிஃபயர். அதற்கும், விளக்குக்கும், ஹார்னுக்கும் ஒரே பாட்டரிதான். எஞ்சின் சுற்றும் டைனமோ கொடுப்பதைவிட இவை இழுப்பது கூடினால் முள் இடப்பக்கம் சாயும். கொஞ்ச நேரத்தில் குழாய்க்கு ஜலதோஷம் பிடித்துக் குரல் அடங்கிவிடும். ஆகவே அவர் ஹார்னைத் தொடுவதே இல்லை.

"மாட்டுவண்டி அண்ணே, செத்த ஓரமாப் போங்க" என்று மைக்கிலேயே கெஞ்சுவார். கேட்டால், "ஹார்னுக்குப் பதினஞ்சு ஆம்பியர். அண்ணனுக்கு நாலுதான்" என்பார்.

எந்தச் சொல் எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பது அவருக்கு மனப்பாடம். "பெரியோர்களேக்கு ஆறு. தாய்மார்களேக்கு ஒம்பது. வாயை அம்புட்டுத் தொறக்கணும்ல?"

1959 ஆவணியில் பாட்டரி தளர்ந்தபோது, முதல் வேலையாகத் தாய்மார்களை விட்டுவிட்டார்.

கன்னிவாடிக் கூடாரச் சினிமாக் கொட்டகையில் மூன்று நாள் பெண்கள் பக்கத்து மணல் கலையவில்லை. நான்காம் நாள் கொட்டகைக்காரர் ஆண்டிச்சாமி கறாராகச் சொன்னார்: "இன்னைக்கும் பொம்பளைக வரலைன்னா நாளையிலருந்து தமுக்குக்காரரு போதும் பாய். அவருக்குப் பாட்டரி வேணாம்."

அன்று மாலை ஆறே முக்காலுக்கு, தெருவில் பூக்கட்டி விற்கும் முத்துப்பேச்சி, அரிக்கேன் விளக்கும் கையுமாகக் காரை மறித்தார்.

"ஏன் பாயி, நாலு நாளா ஆம்பளைகளையே கூப்பிட்டுட்டுப் போறீக. நாங்க வந்தா படம் ஓடாதாக்கும்?"

"அப்படியில்ல தாயி..."

"இப்பத் தாயின்னு வாய் வருதுல்ல? அதை மைக்குல சொன்னா கொறஞ்சா போயிருவீக?"

"கொறையும் தாயி. ஒம்பது ஆம்பியர். இருட்டிருச்சு, ஹெட்லைட்டு வேற எரியுது. ரெண்டுக்கும் சேத்துத் தாங்காது."

முத்துப்பேச்சிக்கு ஆம்பியர் விளங்கவில்லை, ஹெட்லைட் விளங்கிவிட்டது. "அதை அமத்துங்க. வெளக்கை நான் காட்டுறேன். நீங்க கூப்பிடுங்க!"

ஹெட்லைட் அணைந்தது. முன்னால் அரிக்கேன் விளக்கு ஆடி ஆடி நடந்தது. பின்னால், முதல் கியரில் உறுமிக்கொண்டு கார் ஊர்ந்தது. "தாய்மார்களே!" என்று குழாய் கணீரென்று கூப்பிட்டது. பாத்திரத்தைப் போட்டது போட்டபடி, பிள்ளைகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பெண்கள் விளக்கின் பின்னால் சேர்ந்தார்கள். மூன்று தெரு தாண்டுவதற்குள் கூட்டத்தில் கார் எங்கே என்று தேட வேண்டியதாயிற்று.

கொட்டகை வாசலில் ஆண்டிச்சாமி அவசரமாகப் பெண்கள் பக்கத்துத் தட்டியைத் திறந்தார். எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். கடைசியாக முத்துப்பேச்சி விளக்கைத் தணித்துக்கொண்டு குனிந்து நுழைந்தார்.

வெளியே யாரும் பாக்கியில்லை. சேக் பரீது ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்து, கடைவாய்ப் பல் தெரிய வாயைத் திறந்து, ஆசை தீர இன்னொரு தரம் கூப்பிட்டார்: "தாய்மார்களே!"