தங்கச்சி இறக்காத கை

பள்ளிக்கூட மண்டபத்தில் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு எச்.ஐ.வி. பற்றி விளக்க வந்த ஆஸ்பத்திரித் தாதி, கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். இந்த நோய்க்கு என்றைக்காவது தடுப்பூசி ஒன்றைப் போட்டுப் பரிசோதிக்க ஆட்கள் தேவைப்பட்டால், உங்களில் யார் வருவீர்கள்?

முதலில் எழுந்த கை என் தங்கச்சியுடையது. எதிலும் அவள்தான் முதல். வாப்பா கட்டிய கல்வீடுகூட அவளுக்குத்தான் சீதனமாகப் போனது. எனக்குக் கிடைத்தது தகரக் கூரை போட்ட ஓர் அறை. தாதி அவளைப் பார்த்துச் சிரித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. நானும் கையைத் தூக்கினேன், அவளைவிட உயரமாக.

“அந்த ஊசியாலயே நோய் வந்திடாதா மிஸ்?” என்று தங்கச்சி கேட்டாள். அந்தக் கேள்வியும் எனக்குத் தோன்றவில்லை.

“வராது. ஆனா ஊசி போட்ட ஆக்கள்ட ரத்தத்தச் சோதிச்சா, நோய் இல்லாமலே சில நேரம் இருக்கிற மாதிரிக் காட்டும்.”

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த இரத்தச் சோதனை கட்டாயம். என் பாஸ்போர்ட் ஏஜென்சியில் கிடந்தது. நான் போவதே ஒரு கல்வீடு கட்டத்தான். கையை இறக்கினேன். சுற்றிலும் பல கைகள் இறங்கின. அவளுடையது மட்டும் நின்றது.

திரும்பி வரும்போது அவள் சொன்னாள்: “நீங்க இறக்கினது சரிதான் ராத்தா. எனக்கென்ன, நான் எங்கயும் போகத் தேவயில்லயே.”

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். நல்ல மனுசியாக இருக்கும் வசதியையும் அந்தக் கல்வீட்டோடு சேர்த்து அவளுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.