புறப்படுமுன் போய்ச் சேரும் விமானம்

குஞ்சன், நீ சொன்ன அந்தக் கொன்கோர்ட் விமானத்தைப் பார்க்கப் போனேன். தொண்ணூறுகளின் நடுவில், நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிற கிழமை அது.

வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். குஞ்சன் என் தம்பி. லண்டன் விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்தவன். ஒலியை விட இரண்டு மடங்கு வேகமாகப் பறக்கிற விமானத்தைப் பற்றி டெலிபோனில் ஓயாமல் சொல்வான்.

"அக்கா, காலமை பத்தரைக்கு இஞ்ச வெளிக்கிட்டா ஒன்பதரைக்கு நியூயோர்க்கில நிக்கும்."

"போடா, ஆருக்குப் பூச்சுத்துறாய்?"

அவன் லண்டனில் இறந்தது திங்கள் பின்னேரம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் எனக்கு அப்போது செவ்வாய் விடிந்திருந்தது. திவசத்தை எந்த நாளில் செய்வது? ஐயர் ஒன்று சொன்னார், அவன் மனைவி வேறொன்று சொன்னாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

உலகம் சுற்றுகிற பணக்காரர்களோடு கொன்கோர்ட் ஆக்லாந்துக்கு வருகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். மவுண்ட் ஆல்பர்ட்டில் என் பக்கத்து வீட்டு மணியம், மலேசியாக்காரர், காரில் கூட்டிப்போனார். விமான நிலையம் இருபது கிலோமீட்டர்தான். ஆனால் ரோட்டெல்லாம் வாகனம், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது. வேலியோரம் சனம் ஏணிகூடக் கொண்டுவந்திருந்தது.

வெள்ளையாய், ஒல்லியாய் வந்தது. நிலத்தில் எதையோ தேடுவதுபோல மூக்கைக் கீழே சாய்த்திருந்தது. சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியது. ஒலியின் வேகத்தைத் தாண்டினால் வீட்டுக் கண்ணாடி நடுங்குமாம், அதனால் கடலுக்கு மேல்தான் முழு வேகமாம்.

"இதில ஏறினா முதல் நாளுக்குப் போகலாமோ, மணியம்?"

"கடிகாரந்தான் பின்னால போகும் அக்கா, நாம போக மாட்டோம். முடிஞ்சா நான் கல்யாணத்துக்கு மொத நாள் போயிருப்பேன் லா."

சிரித்தேன். பிறகு அழுகை வந்தது.

"அப்ப அந்தத் திங்களும் இந்தச் செவ்வாயும் ஒரே நேரந்தானே?"

"ஒரே நேரந்தான்."

"எந்த நாள் சமைக்கிறது?"



போக நினைப்பவர்களுக்கு: கொன்கோர்ட் இப்போது பறப்பதில்லை. பாரிசுக்குப் பக்கத்தில் ஒன்று விழுந்தது, செலவும் கட்டுப்படியாகவில்லை, நிறுத்திவிட்டார்கள். பார்க்க வேண்டுமென்றால் இங்கிலாந்திலோ பிரான்சிலோ அமெரிக்காவிலோ மியூசியத்துக்குத்தான் போகவேண்டும். ஆக்லாந்தில் மற்ற விமானங்களை ரோட்டோரம் நின்று பார்க்கலாம். காற்று பொல்லாதது, ஜக்கெட் கொண்டுபோங்கள்.

நான் லண்டன் நாளிலும் படைத்தேன், ஆக்லாந்து நாளிலும் படைத்தேன். இரண்டு நாளும் உனக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறி. இந்த ஊரில் காகம் இல்லை, மைனாக்கள்தான் கொத்தின. இன்றுவரை ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் இரண்டு நாளும் இலை போடுகிறேன். குஞ்சன், நீ எந்த நாள் வந்து சாப்பிடுகிறாய்?